கட்டு இறுகும்வரை ஒரு காதல் கதை

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே எடுக்கும் அறையைத் தாண்டியதும் ஒரு கதவு. அதன்மேல் இருக்கும் பலகையை யாரும் படிப்பதில்லை. "மாவுக்கட்டு அக்கா எங்க?" என்று கேட்டால் வாசல் காவலரிலிருந்து எலும்பு டாக்டர்வரை எல்லாரும் அந்தக் கதவைத்தான் காட்டுவார்கள். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. குள்ளம். எத்தனை முறை கழுவினாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் வெள்ளை மாவு ஒட்டிக்கொண்டே இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், பேக்கரியில் வேலையா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவாள். உண்மையைச் சொன்னால் அவர்கள் தங்கள் முட்டிவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வேலை பார்க்கச் சுலபமாகத்தான் தெரியும். மாவு ஏற்றிய துணிச்சுருளை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி, குமிழி நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, பஞ்சு சுற்றிய காலின்மேல் அடுக்கடுக்காக உருட்டிக்கொண்டு போக வேண்டும். தடவுவது உள்ளங்கையால் மட்டும். விரல்நுனி பதிந்தால் அந்தப் பள்ளம் உள்ளே சதையை அழுத்தும். கடைசியாக, கட்டு இறுகும்வரை அந்தக் காலை டாக்டர் சொன்ன கோணத்தில் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அக்காவைக் கேட்டால் அந்த நிற்பதுதான் வேலை என்பாள். "மத்ததெல்லாம் பார்சல் கட்டுற மாதிரிதான்."

நிற்கும் நேரத்துக்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. வலிக்குதா என்று கேட்கக் கூடாது. கேட்டால் அதுவரை வலிக்காதவனுக்கும் வலிக்கும். வலித்தால் இழுப்பான். இழுத்தால் பொருத்திய எலும்பு நகரும். புதிதாக வருகிற நர்ஸுகள் பரிதாபப்பட்டுக் கேட்டுவிடுவார்கள்; அக்கா கண்ணாலேயே அடக்குவாள். கேட்பதற்குப் பதிலாக வேறு எதையாவது பேச வேண்டும். முன்பெல்லாம் பஸ் கூட்டம், மழை, மாடிவீட்டுக்காரரின் பூனை. இந்தக் கோடையில் அந்த இடத்துக்கு ஏரிக்கரைத் தொடர் வந்து சேர்ந்தது.

அது பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகள் பார்க்கிற தொடர். விடுமுறைக்கு ஏரிக்கரையில் இருக்கும் சித்தியின் விடுதிக்கு ஒரு பெண் வருகிறாள். அங்கே இரண்டு பையன்கள். ஒருவன் வாடகைப் படகுகளைப் பார்த்துக்கொள்கிறவன். அவள் உட்காரும் பலகையை ஈரம்போகத் துடைத்து வைப்பான். வாயைத் திறக்க மாட்டான். இன்னொருவன் கரையில் விசில் ஊதிக்கொண்டு நீச்சலடிப்பவர்களைக் காவல் காக்கிறவன். அவன் வாய் மூடாது. அக்கா முதலாமவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்தாள். அவள் மகள் இரண்டாமவனுக்கு ஓட்டைவாய் என்று வைத்தாள். வைத்த பெயர் இப்படியிருந்தாலும் மகள் ஓட்டைவாயின் கட்சி. அம்மா ஊமைக்கோட்டானின் கட்சி.

"இந்தப் பொண்ணுக்கு வீட்டுப்பாடமே கிடையாதா?" என்பாள் அக்கா. "சித்திகாரி விடுதி நடத்துறாளாம், ஒரு பெட்ஷீட்டாவது துவைக்கிறாளா பாரு."

"அம்மா, கதையப் பாரு."

"கதையத்தான் பாக்குறேன். கீழ விழுந்தவளுக்குப் போன சீன்ல இடது கால்ல கட்டு. இப்ப வலது கால்ல. இவளுக்குக் கட்டுப் போட்டவன என் கையில குடு."

மகளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அக்காவும் அவள் கணவரும் பிரிந்து ஒன்றரை வருடம். சண்டை, சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. இரண்டு பேரும் பேசி முடித்துக்கொண்டார்கள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொன்னது. அவர் சமையலறை அலமாரிகள் விற்கிறார். ஊரின் மறுமுனையில், பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு எடுத்திருந்தார். மகள் யாரிடம் இருப்பது என்பதை, இந்தக் கோடை விடுமுறை முடிவதற்குள் அவளே சொல்லட்டும் என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். பெருந்தன்மையாகத் தோன்றிய ஏற்பாடு. பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் அதைத் தூக்கி வைத்தது பற்றி யாரும் யோசிக்கவில்லை.

அப்பா தினமும் கேட்டார். போன் செய்து கேட்டார். படம் அனுப்பிக் கேட்டார். இந்த ஜன்னல் பக்கம் உன் மேஜையைப் போடலாமா, திரை எந்த நிறத்தில் வேண்டும், பள்ளிக்கூடம் நடந்தே போகலாம் தெரியுமா. அலமாரி விற்கிறவருக்கு அது பழக்கம்தான். அம்மா கேட்கவில்லை. அவள் செய்ததெல்லாம், மகளின் சீருடைப் பாவாடையின் விளிம்பைப் பிரித்து நீளமாக்கித் தைத்து, கதவில் மாட்டி வைத்தது. மாட்டியதை மகள் பார்த்தாளா என்றும் கேட்கவில்லை.

அப்பா போனபின் மகளின் பேச்சு குறைந்துவிட்டிருந்தது. சாப்பாடு அறைக்குள், கதவு சாத்தியபடி. ஆனால் புதன்கிழமை காலையில் தொடரின் புது எபிசோட் வரும். அக்கா வேலை முடிந்து வீடு திரும்பி, குளித்து, மாவு போக முழங்கையைத் தேய்த்துவிட்டு வந்ததும், இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து பார்ப்பார்கள். மகள் காலை நீட்டி அம்மாவின் மடியில் போட்டுக்கொள்வாள். இது எப்படி ஆரம்பித்தது என்று இருவருக்கும் நினைவில்லை. ஒரே ஒரு ஒப்பந்தம்: ஒருத்தரை விட்டுவிட்டு ஒருத்தர் பார்க்கக் கூடாது. மகளின் தோழிகள் காலையிலேயே பார்த்துவிடுவார்கள். அதனால் புதன்கிழமை முழுக்க மகள் போனை அணைத்து அலமாரிக்குள் போட்டுவிடுவாள். அந்த வயதில் அது சாதாரணத் தியாகம் இல்லை.

மறுநாள் வியாழக்கிழமை கட்டு அறையில் கதை அவிழும். மரத்திலிருந்து விழுந்தவன், சைக்கிளில் சறுக்கியவள், குளியலறையில் வழுக்கிய வங்கி மேலாளர் என எல்லாருக்கும் கால் அல்லது கை இறுகும்வரை ஏரிக்கரை. கட்டு மாற்ற வருகிறவர்கள் விட்ட இடத்திலிருந்து கேட்டார்கள். வங்கி மேலாளர், "அந்த விசில்காரப் பய இன்னும் திருந்தலையா?" என்றார். எலும்பு டாக்டர்கூடக் கதவில் தலையை நீட்டுவார்.

"என்னக்கா, யாரக் கட்டிக்கப் போறா?"

"ரெண்டு பேரையும் விட்டுட்டுப் படிக்கப் போனா நல்லாருக்கும் டாக்டர்."

"அத எவன் பாப்பான்? நீங்க யாரு பக்கம்?"

"படகுக்காரன். வாயத் திறந்து ஒரு வார்த்த கேட்டான்னா முடிஞ்சிரும். கேக்க மாட்டேங்கிறானே!"

"அழுத பிள்ளைக்குத்தான்கா பால்," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விடுவார்.

கடைசி எபிசோட் வந்த புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பெண்குழந்தையைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குழந்தை என்ன குழந்தை, பதினாலு வயது. கணுக்கால் உடைந்திருந்தது. டாக்டர் எலும்பை இழுத்துப் பொருத்திவிட்டு, "அக்கா, இது ரொம்ப நூலிழையில நிக்குது. கொஞ்சம் நகந்தாலும் ஆபரேஷன்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். நர்ஸ் எக்ஸ்ரே பிலிம் வாங்கப் போனாள். பெண்ணின் அம்மாவுக்கு மயக்கம் வரும்போல் இருந்ததால் வெளியே உட்கார வைத்தார்கள்.

அக்கா சுற்றி முடித்தாள். பாதத்தைத் தன் நெஞ்சில் சாய்த்து, ஒரு உள்ளங்கையைக் குதிகாலிலும் மற்றதை முழங்காலுக்குக் கீழேயும் கொடுத்து நின்றாள். மாவு இறுகத் தொடங்கி, கட்டு சூடேற ஆரம்பித்தது. "ஒரு கத சொல்லட்டுமா? ஒரு ஏரிக்கரையில..." என்று தொடங்கினாள்.

"அந்த சீரியலா?" என்றது பெண். "கத வேணாம் ஆன்ட்டி. நானே பாக்குறேன். இன்னைக்குக் கடைசி எபிசோட். கடைசிக் கொஞ்சந்தான் பாக்கி, அதுக்குள்ள விழுந்துட்டேன்." மடியில் நிமிர்த்தி வைத்திருந்த போனைத் தட்டியது.

ஏரித்தண்ணீர் சத்தம் அறைக்குள் வந்தது.

"அம்மாடி, வேணாம்மா. அப்புறம் பாரேன்."

"ஏன்?"

ஏன் என்பதைச் சொல்வது அக்காவுக்கே வெட்கமாக இருந்தது. "நான் இன்னும் பாக்கல."

பெண் சிரித்துவிட்டது. சிரித்ததில் தொடை குலுங்கியது. "சரி, ஆஃப் பண்றேன் இருங்க," என்று போனை எடுக்க எக்கியபோது இடுப்பு திரும்பியது. அக்காவின் உள்ளங்கைக்குக் கீழே கால் லேசாகத் திரும்பப் பார்த்தது.

"விடு, விடு, விடு! ஆடாத. அது பாட்டுக்கு ஓடட்டும்."

ஓடியது. போனின் முதுகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டாள், என்னவோ அதனால் காதும் மூடிக்கொள்ளும் என்பதுபோல. படகுத்துறைப் பலகைமேல் காலடிச் சத்தம். பெட்டியின் சக்கரம் உருளும் சத்தம். ஓட்டைவாய் மூச்சு வாங்குகிறான். எப்போதும்போல் ஏதோ கிண்டல் சொல்ல ஆரம்பித்து, நிறுத்திவிட்டு, வேறு குரலில் சொன்னான்: "போகாத. இங்கயே இரு. கேக்குறேன்."

பெண்ணின் குரல்: "இத யாராவது கேப்பாங்களான்னுதான் இந்த லீவு முழுக்கப் பாத்துட்டே இருந்தேன்."

படகுக்காரன் எங்கே என்று அக்காவுக்குத் தெரியவில்லை. துடுப்பு ஒன்று எங்கோ தண்ணீரில் விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அதுதான் அவன்போல.

நாற்காலிப் பெண் அழுதது. "அழாதம்மா, கால் ஆடுது," என்றாள் அக்கா. கட்டு இறுகி, விரலால் சுண்டினால் டொக் டொக்கென்று சத்தம் வந்தபின்பும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். நர்ஸ் பிலிமோடு வந்து, "அக்கா, விடலாம்," என்றாள். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நகரவில்லை. டாக்டர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் யாரும் பேக்கரியா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது. அவள் தனக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே ஆச்சரியப்பட வேண்டும், எங்கே ஊமைக்கோட்டானைத் திட்ட வேண்டும்.

மகள் சோளப்பொரி செய்து வைத்திருந்தாள். பெரிய பாத்திரம் நிறைய. கடைசி எபிசோட் என்பதால் இரண்டு மெத்தைத் தலையணைகளையும் சோபாவுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார், பதில் கேட்க என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு பேச்சும் இல்லை.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. அக்காவுக்கு அந்தப் பாதி தெரியாது. உண்மையாகவே சித்தியைத் திட்டினாள், உண்மையாகவே மழையில் நனைகிறவர்களைக் குடை வாங்கச் சொன்னாள். பெட்டியின் சக்கரம் உருளும் சத்தம் வந்ததும் வாய் நின்றுவிட்டது. மடியில் இருந்த கால்களின்மேல் கை அப்படியே இருந்தது. படகுக்காரன் துடுப்பை வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தான். ஓட்டைவாய் இன்னும் திரையிலேயே வரவில்லை. அக்கா பெருமூச்சு விட்டு, "பாவம், போச்சு," என்றாள்.

மகள் படத்தை நிறுத்தினாள். திரையில் ஊமைக்கோட்டான் வாயைப் பாதி திறந்தபடி நின்றான்.

"பாத்துட்ட."

"என்னத்த?"

"அம்மா. நீ பாத்துட்ட."

"பாக்கல. சத்தியமாப் பாக்கல."

"அப்புறம்?"

"கேட்டேன்."

மகள் காலை மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அக்கா நடந்ததைச் சொன்னாள். கணுக்கால், நூலிழை, போன். சொல்லச் சொல்ல அது பொய்போலவே அவளுக்குக் கேட்டது.

"காதப் பொத்திக்க வேண்டியதுதானே?"

"ரெண்டு கையும் அந்தப் பொண்ணு கால்ல இருக்கு. மூணாவது கைக்கு எங்க போறது?"

"நர்ஸ பொத்தச் சொல்லியிருக்கலாம்."

"நர்ஸ் பிலிம் வாங்கப் போயிட்டா."

மகளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, வரவிடவில்லை. "இது ஒண்ணுதாம்மா நாம ரெண்டு பேரும் சேந்து பண்றது. அதையும் நீ யாரோ ஒருத்தியோட கேட்டு முடிச்சிட்ட."

அவள் தலையணைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒன்றுதான் கைக்கு அடங்கியது. மற்றது நழுவி விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது அக்கா சொன்னாள்:

"போகாத."

"தூங்கப் போகல, தலகாணிய வைக்கப் போறேன்."

"அதில்ல. அப்பா வீட்டுக்கு. போகாத. இங்கயே இரு. கேக்குறேன்."

மகள் நிமிர்ந்தாள். "டயலாக்கா? நான் இன்னும் பாக்கல, ஆனா இது டயலாக்குன்னு தெரியுது."

"டயலாக்தான். அந்தப் பய சொன்னத மத்தியானம் கேட்டப்பதான், நான் உங்கிட்ட ஒரு தடவகூடச் சொல்லலன்னு ஒறச்சுது. அவன்கிட்ட இருந்து எடுத்தாலும் என் வாயாலதானே சொல்றேன்."

"யாரு ஜெயிக்கிறாங்கன்னும் சொல்லிட்ட. ரொம்ப நன்றி."

"அய்யோ."

மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்க்காமல் பேசினாள்.

"லீவு ஆரம்பிச்சப்பவே நான் அப்பாகிட்ட இங்கதான் இருப்பேன்னு சொல்லிட்டேன்."

அக்கா முழங்கை மடிப்பைத் தேய்த்துக்கொண்டாள்.

"நீ கேப்ப, உங்கிட்டயும் சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கல. அப்பா விடாம, தெர என்ன கலர், மேஜ எந்தப் பக்கம்னு கேட்டுட்டே இருந்தாரு. நீ பாத்திரம் கழுவிட்டிருந்த. சரி, இவளுக்கு நான் இல்லாட்டியும் ஒண்ணுமில்ல போலன்னு... போன ஞாயித்துக்கெழம அங்க வரேன்னு சொல்லிட்டேன். பெயின்ட்கூட அடிச்சிட்டாரு."

"கேட்டா வலிக்கும்னு நெனச்சேன்."

"யாருக்கு?"

அந்தக் கேள்வியை இருபது வருடத்தில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. கட்டு அறையில் எப்போதும் வலி எதிரில் கிடப்பவருடையதாகத்தான் இருந்தது. "எனக்குத்தான்," என்றாள். "கேட்டு நீ இல்லன்னு சொல்லிட்டா?"

"பாவாடைய மட்டும் தெச்சு மாட்டி வெச்சா நான் என்னன்னு எடுத்துக்கிறது? ஊமைக்கோட்டான் பலகையத் தொடச்சு வெக்கிற மாதிரி."

"நல்லாத்தானே தொடைக்கிறான்."

"அம்மா!"

"சரி. இப்ப கேட்டுட்டேன். இப்ப என்ன சொல்ற?"

"இப்ப மறுபடி மாத்திச் சொன்னா அப்பா என்னப் பைத்தியம்னு நெனப்பாரு."

"இவ எத்தன தடவ மாத்தினா?" அக்கா திரையைக் காட்டினாள். "இவளப் பைத்தியம்னு யாராவது சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்."

"நானுந்தான் சொன்னேன். ஆனா புதன்கிழம தவறாமப் பாத்தோமா இல்லையா?"

மகள் எழுந்தாள். அலமாரியைத் திறந்து போனை எடுத்து, அது உயிர் வரும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். சாத்தினாலும் அந்தக் கதவு சரியாக மூடாது. பக்கத்தில் உட்கார்ந்தால் பேசுவது பாதி காதில் விழும். அக்கா எழுந்து சோபாவின் மறுகோடிக்கு நகர்ந்தாள். அதுவும் போதாது என்று தோன்றவே, ரிமோட்டை எடுத்துத் தொடரை ஓடவிட்டு, சத்தத்தைக் கூட்டினாள். ஓட்டைவாய் ஓடி வந்தான். மூச்சு வாங்கினான். கேட்க வேண்டியதைக் கேட்டான். அவள் திரையைப் பார்க்கவில்லை. வெளியே நடந்துகொண்டே பேசும் மகளின் நிழல் கண்ணாடியில் வருவதும் போவதுமாக இருந்தது. ஒருமுறை கை உயர்ந்தது. ஒருமுறை நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. இசை முடிந்தது. அக்கா மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

கதவு திறந்தது.

"கேட்டியா?" என்றாள் மகள்.

"இல்ல. சத்தம் வெச்சிருந்தேன்."

மகள் திரையைப் பார்த்தாள்; அம்மாவைப் பார்த்தாள். "பெயின்ட் அடிச்ச ரூம்ல இனிமே அவர் சைக்கிள நிறுத்திக்கப் போறாராம். மஞ்சக் கலர் ரூம்ல சைக்கிள். கோவம். சனி ஞாயிறு கண்டிப்பா வரணுமாம்."

"போயிட்டு வா."

"முதல் பருவம் வரைக்குந்தான் சொல்லியிருக்கேன். அதுக்கப்புறம் என்னன்னு தெரியாது. நீ திரும்பக் கேக்கணும்."

"கேக்குறேன்."

"பாத்திரம் கழுவிட்டே இல்ல. உக்காந்து கேக்கணும்."

"உக்காந்தே கேக்குறேன்டி."

மகள் தரையில் கிடந்த தலையணையை எடுத்துச் சோபாவில் போட்டாள். சோளப்பொரி ஆறி நமத்துப்போயிருந்தது. ஒன்றை வாயில் போட்டு முகம் சுளித்து, இன்னொன்றையும் எடுத்துக்கொண்டாள்.

"நகரு. காலை நீட்டணும். மொதல்ல இருந்து போடு. உனக்குத் தெரிஞ்ச இடம் வரும்போது நடிக்காத, சும்மா இரு."

அக்கா நகர்ந்தாள். கால்கள் மடிக்கு வந்தன. திரையில் ஏரிக்கரையில் விடிந்துகொண்டிருந்தது. சித்தி வழக்கம்போல் ஒரு வேலையும் செய்யாமல் காபி குடித்தாள். அக்காவின் ஒரு கை தன்பாட்டில் குதிகாலுக்கு அடியில் போய், பாதத்தை நேராக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டது.

"அம்மா," என்றாள் மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கட்டுப் போடாத. உடையல."